பிள்ளை வரிசையின் ஐந்தாம் எண்

4,01,42,99,25,99,91,55,061 என்பது பதினெட்டு இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண். கோடிகளாகப் பிரித்துச் சொன்னால் 4,014 கோடி கோடியே 29,92,599 கோடியே 91,55,061 என்று அமையும். நொடிக்கு ஒன்று வீதம் இடைவிடாமல் எண்ணிக்கொண்டே போனால் இந்த எண்ணை எட்டுவதற்கு ஏறக்குறைய 1,270 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான் என்று வானியலாளர் கணக்கிட்டிருக்கின்றனர். ஆயினும் கணித உலகில் இந்த எண் மதிக்கப்படுவது அதன் பருமனுக்காக அன்று. எந்த எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் அதனினும் பெரிய எண் கிடைத்துவிடும் என்பதால், பெரியது என்ற பெருமை எந்த எண்ணிடமும் தங்குவதில்லை. பகா எண்களைப் பற்றி எழுப்பப்பட்ட ஓர் எளிய கேள்விக்கு விடையாக நிற்பதாலேயே இந்த எண் தனிப்பெயரும் தனியிடமும் பெற்றிருக்கிறது. அந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் பிறந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை, அவர் பெயராலேயே இந்த எண் இடம்பெறும் வரிசை 'பிள்ளை வரிசை' என்று உலகெங்கும் வழங்கப்படுகிறது.

பேரெண்களுக்குப் பெயரிட்டுப் பழகிய மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எண்ணுப்பெயர்களின் ஈறுகளைப் பற்றிப் பேசும் இடத்தில், உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் ஆகியவற்றைப் பேரெண்களின் பெயர்களாக எடுத்துக்காட்டுகின்றனர். பெயரிடுவது முதற்படி என்றால், ஓர் எண்ணை அதன் இயல்பால் வகைப்படுத்துவது அடுத்த படி. அது எவற்றால் வகுபடும், எத்தகைய எண்களின் கூட்டாக அமையும், எந்த வகையைச் சேரும், எந்த வகையில் சேராது என்று கேட்டு விடை காண்பதே எண் கோட்பாடு எனப்படும் கணிதத் துறையின் அடிப்படைப் பணி. பிள்ளை வரிசையின் ஐந்தாம் எண்ணைக் கொண்டு அந்தப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெளிவாகக் காணலாம். அதற்குத் தேவையான கணக்குகளிற் பல பள்ளிக் கணிதத்தைத் தாண்டாதவை.

வல்லம் முதல் அண்ணாமலை நகர் வரை

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் செல்லும் மலைப்பாதையில் எல்லையோர ஊராக அமைந்திருப்பது புளியறை. அங்கிருந்து கிழக்கே வந்தால் செங்கோட்டையும், அதைக் கடந்தால் குற்றாலம், தென்காசி வட்டாரமும் தொடர்கின்றன. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் இந்தப் பகுதியில், வல்லத்தில், 1901 ஏப்ரல் 5 அன்று சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகச் சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். பிறந்து ஓராண்டில் தாயையும், பள்ளியிறுதியாண்டில் தந்தையையும் இழந்த அவருக்கு, செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்டுணர்ந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பொருளுதவி செய்து படிப்பு நின்றுவிடாமல் காத்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலைப் படிப்பையும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலைப் படிப்பையும் முடித்தார்.

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தபோது, இங்கிலாந்தில் ஹார்டியிடம் பயின்று திரும்பிய கா. ஆனந்தராவ், இரா. வைத்தியநாதசுவாமி ஆகியோரின் துணையோடு அவர் எண் கோட்பாட்டு ஆய்வில் இறங்கினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை அங்கே பணியாற்றினார். அவருடைய தலைசிறந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்தவை. பின்னர் ஓராண்டு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்திலும், 1942 முதல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார்.

வரிசை பிறந்த விதம்

ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என அவை தொடர்கின்றன. ஒன்றைவிடப் பெரிய மற்றவை பகு எண்கள். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு வகையில்தான் எழுத முடியும் என்பதால், பெருக்கலைப் பொறுத்தவரை பகா எண்களே எல்லா எண்களுக்கும் மூலப்பொருள்கள். கூட்டலைப் பொறுத்தவரை அவை எப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்வி அத்தனை எளிதில் அடங்குவதாக இல்லை. அந்தத் திசையில் பிள்ளை எடுத்துக்கொண்ட விதி மிகவும் இயல்பானது. கொடுக்கப்பட்ட எண்ணைத் தாண்டாத பகா எண்களுள் மிகப் பெரியதை முதலில் கழிக்க வேண்டும்; மிஞ்சியதிலிருந்து மறுபடியும் அதைத் தாண்டாத மிகப் பெரிய பகா எண்ணைக் கழிக்க வேண்டும்; இப்படியே ஒன்றும் மிஞ்சாத வரை செல்ல வேண்டும்; இறுதியில் 1 மிஞ்சினால் அதையும் ஓர் உறுப்பாகக் கொள்ள வேண்டும். பத்து ரூபாய் நோட்டு, ஐந்து ரூபாய் நாணயம், ஒரு ரூபாய் நாணயம் என்று பெரிய மதிப்பிலிருந்து தொடங்கிச் சில்லறை எண்ணித் தருகிற கடைக்காரரின் முறைதான் இது. இங்கே நோட்டும் நாணயமும் பகா எண்கள்.

இந்த விதிப்படி 100 என்பது 97ஐயும் 3ஐயும் கூட்டியது. இரண்டு உறுப்புகளில் முடிந்துவிடுகிறது. 27ஐ எடுத்துக்கொண்டால் முதலில் 23 கழிகிறது, மிஞ்சிய 4இலிருந்து 3 கழிகிறது, பிறகு 1 மிஞ்சுகிறது. ஆகவே மூன்று உறுப்புகள் தேவைப்படுகின்றன. அப்படியானால் இரண்டு உறுப்புகள் தேவைப்படும் மிகச் சிறிய எண் எது, மூன்று, நான்கு, ஐந்து உறுப்புகள் தேவைப்படும் மிகச் சிறிய எண்கள் எவை என்ற கேள்வி தானாகவே எழுகிறது. அந்தக் கேள்விக்கான விடைகளை வரிசையாக எழுதினால் 1, 4, 27, 1354 என்று வந்து, அடுத்த உறுப்பாக 4,01,42,99,25,99,91,55,061 வந்து நிற்கிறது. நான்கு இலக்கங்களிலிருந்து பதினெட்டு இலக்கங்களுக்கு ஒரே தாவலில் சென்றுவிடும் இந்தப் பாய்ச்சல்தான் வரிசையின் வியப்பு. அதன் காரணம் பகா எண்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் அடங்கியிருக்கிறது.

ஓர் எண்ணிலிருந்து மிகப் பெரிய பகா எண்ணைக் கழித்தபின் மிஞ்சுவது, அந்தப் பகா எண்ணுக்கும் அடுத்த பகா எண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியைவிடச் சிறியதாகவே இருக்கும். ஆகவே மூன்று உறுப்பு எண் ஒன்று பிறக்க வேண்டுமானால் மீதியாகக் குறைந்தது 4 வர வேண்டும், அதற்கு இடைவெளி 4ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அத்தகைய முதல் இடைவெளி 23க்கும் 29க்கும் இடையே வருகிறது. 23உடன் 4ஐக் கூட்ட 27 கிடைக்கிறது. நான்கு உறுப்புகளுக்கு 27ஐவிடப் பெரிய இடைவெளி வேண்டும். அது 1327க்கும் 1361க்கும் நடுவே முதன்முதலாக வருகிறது. 1327உடன் 27ஐக் கூட்ட 1354 கிடைக்கிறது. ஐந்து உறுப்புகளுக்கு 1354ஐவிடப் பெரிய இடைவெளி தேவை. அது 4,01,42,99,25,99,91,53,707 என்ற பகா எண்ணை அடுத்துத்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. அங்கே இடைவெளி 1356. அந்தப் பகா எண்ணோடு 1354ஐக் கூட்டினால் ஐந்தாம் எண் வந்துவிடுகிறது. அதைப் பிரித்தெழுதினால் அந்தப் பெரிய பகா எண், 1327, 23, 3, 1 என்று முந்தைய உறுப்புகளின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

பகா எண்கள் இல்லாத வெளி

பகா எண்களுக்கு இடையே எவ்வளவு பெரிய இடைவெளியும் வரக்கூடும் என்பதை எளிதாக நிறுவலாம். 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 120 வரும். அதனோடு 2, 3, 4, 5 ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிப் பெறும் 122, 123, 124, 125 ஆகியவை முறையே 2, 3, 4, 5 ஆகியவற்றால் வகுபடுவதால் அவற்றுள் ஒன்றும் பகா எண்ணாக இருக்க முடியாது. 5க்குப் பதிலாக ஆயிரத்தையோ லட்சத்தையோ எடுத்துக்கொண்டாலும் இதே வாதம் செல்லும். ஆகவே பிள்ளை வரிசை எங்கும் நின்றுவிடாது. எந்த உறுப்புக்கும் அடுத்த உறுப்பு உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது.

பெரிய இடைவெளிகள் உண்டு என்று அறிவது ஒன்று. அவற்றுள் முதலாவது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறொன்று. 1896இல் ஹதமார்டும் வல்லே புசானும் தனித்தனியே நிறுவிய பகா எண் தேற்றத்தின்படி, நாலாயிரம் கோடி கோடிக் கணக்கில் உள்ள இந்தப் பகுதியில் அடுத்தடுத்த பகா எண்களுக்கு இடையே சராசரியாக 40 அல்லது 41 என்ற அளவிலேயே இடைவெளி இருக்கும். சராசரியைப் போல் முப்பத்துமூன்று மடங்கு அகன்ற 1356 என்ற இடைவெளி மிக அரிது. அதற்கு முன்னால் அத்தகைய இடைவெளி இல்லை என்பதை உறுதிசெய்ய அந்த எல்லைவரை உள்ள பகா எண்களை முறையாகச் சலித்துப் பார்க்க வேண்டியிருந்தது; இந்த நூற்றாண்டின் கணினிகளாலேயே அது இயன்றது. பிள்ளை தம் வாழ்நாளில் இந்த எண்ணைக் கண்டவர் அல்லர். அதற்குச் செல்லும் வழியை வகுத்தவர்.

எண்ணின் குலம் அறிதல்

இனி இந்த எண் எந்தெந்த வகையைச் சேரும் என்று பார்க்கலாம். கடைசி இலக்கம் 1 என்பதால் அது ஒற்றை எண். அது பகா எண் அன்று என்பதைக் கணக்கிடாமலேயே சொல்லிவிடலாம். ஏனென்றால் அது அமர்ந்திருக்கும் இடமே இரு பகா எண்களுக்கு நடுவிலுள்ள 1,355 பகு எண்களின் வெளி. அந்த வெளியின் ஏறத்தாழ விளிம்பில், அடுத்த பகா எண்ணுக்கு இரண்டே இரண்டு குறைவாக அது நிற்கிறது.

அதன் இலக்கங்களைக் கூட்டினால் 81 வரும். 81 ஒன்பதால் வகுபடுவதால் எண்ணும் ஒன்பதால் வகுபடும் என்பது பள்ளி மாணவர் அறிந்த விதி. அதற்கும் மேலே செல்ல மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டும் விதி உதவும். 999 என்பது 27ஐ 37ஆல் பெருக்கியதாகையால், ஆயிரத்தை 27ஆல் வகுத்தாலும் 37ஆல் வகுத்தாலும் 1 மிஞ்சும்; எனவே எண்ணை வலமிருந்து மூன்று இலக்கத் துண்டுகளாக்கிக் கூட்டிய தொகை 27ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். 401, 429, 925, 999, 155, 61 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2970. அது 27ஐ 110ஆல் பெருக்கியது. ஆகவே இந்த எண் 27ஆல் மீதியின்றி வகுபட்டு 14,86,77,75,03,70,05,743ஐத் தருகிறது. அந்த ஈவின் இலக்கங்களைக் கூட்டினால் 74 வருவதால் அது மறுபடியும் மூன்றால் வகுபடாது. பிள்ளை வரிசையின் மூன்றாம் உறுப்பாகிய 27 அதன் ஐந்தாம் உறுப்புக்குக் காரணியாக வந்திருப்பது தற்செயலே. எனினும் அந்தத் தற்செயலிலிருந்து இந்த எண்ணைப் பற்றிப் பல உண்மைகள் கிளைக்கின்றன.

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருந்தால் அதை நிறைவெண் என்றும், மிகுந்தால் மிகை எண் என்றும், குறைந்தால் குறை எண் என்றும் பழங்காலக் கிரேக்கர் வகுத்தனர். 6இன் காரணிகளாகிய 1, 2, 3 ஆகியவற்றின் தொகை 6 என்பதால் அது நிறைவெண். பதினெட்டு இலக்க எண்ணுக்கு எல்லாக் காரணிகளையும் பட்டியலிடுவது கடினம் என்றாலும், அப்படிச் செய்யாமலேயே முடிவு காண வழியுண்டு. 27இன் காரணிகள் அனைத்தையும், அதாவது 1, 3, 9, 27 ஆகியவற்றைக் கூட்டினால் 40. அது 27ஐப் போல் ஏறத்தாழ 1.48 மடங்கு. எஞ்சிய ஈவு 29 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடுவதில்லை என்பதை வகுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவு பெரிய பகா எண்களை மட்டுமே காரணியாகக் கொள்ளக்கூடிய ஈவின் காரணித்தொகை, அந்த ஈவைப் போல் 1.22 மடங்கை எட்டுவதில்லை. இரண்டையும் பெருக்கினாலும் இரண்டு மடங்கு வராது என்பதால், இந்த எண் குறை எண் என்பது உறுதி.

அடுத்து, அது முழு அடுக்கு எண்ணா என்ற கேள்வி. ஒரு முழு எண்ணைத் தன்னாலேயே இரண்டு முறையோ அதற்கு மேற்பட்ட முறையோ பெருக்கிப் பெறும் 4, 8, 9, 16, 25, 27 போன்றவை முழு அடுக்கு எண்கள். இந்த எண்ணில் மூன்று என்ற காரணி சரியாக மூன்று தடவை வருவதால், அது அடுக்கு எண்ணாக இருந்தால் கன எண்ணாக மட்டுமே இருக்க இயலும். எந்தக் கன எண்ணையும் 19ஆல் வகுத்தால் மிஞ்சக்கூடியவை 0, 1, 7, 8, 11, 12, 18 ஆகியவை மட்டுமே. இந்த எண்ணை 19ஆல் வகுத்தால் 13 மிஞ்சுகிறது. ஆகவே அது கன எண்ணும் அன்று, முழு அடுக்கு எண்ணும் அன்று.

வர்க்கங்களின் கூட்டாக எழுதும் கேள்வியிலும் மூன்றுதான் முடிவைச் சொல்கிறது. நான்கால் வகுத்தால் 3 மிஞ்சும் பகா எண் எதுவும் ஒற்றைப்படைத் தடவை காரணியாக வரும் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. மூன்று அத்தகைய பகா எண், இங்கே மூன்று தடவை வருகிறது. எனவே இரண்டு வர்க்கங்கள் போதா. ஆனால் எட்டால் வகுத்தால் இந்த எண் 5ஐ மீதியாகத் தருவதால், லெழாந்தரின் தேற்றப்படி மூன்று வர்க்கங்கள் போதும். பகா எண்களின் கூட்டாக எழுதுவதிலும் இதுவே நிலை. ஒற்றை எண் இரண்டு பகா எண்களின் கூட்டாக வேண்டுமானால் அவற்றுள் ஒன்று 2 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டைக் கழித்தால் வருவது பகா எண்கள் இல்லாத வெளிக்குள்ளேயே விழுவதால் அதற்கு வழியில்லை. இரண்டைவிடப் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றும் இரு பகா எண்களின் கூட்டு என்னும் கோல்டுபாக்கின் ஊகம் இந்த எண்ணுக்கும் அப்பால் கணினியால் சரிபார்க்கப்பட்டிருப்பதால், முதலில் மூன்றைக் கழித்துவிட்டு எஞ்சிய இரட்டை எண்ணை இரண்டாகப் பிரித்து, மூன்று பகா எண்களின் கூட்டாக இதை எழுதிவிடலாம். மிகப் பெரியதை முதலில் எடு என்ற விதி ஐந்து உறுப்புகளைக் கேட்கும் இடத்தில், விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் மூன்றே போதும். அந்தந்த அடியில் சிறந்ததாகத் தோன்றும் வழி மொத்தத்தில் சிறந்த வழியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதே கையால் விளைந்த பிற ஆய்வுகள்

இந்த எண்ணைப் பிரிக்கும்போது வரும் 23உம் பிள்ளையின் பெயரோடு தொடர்புடையதே. 1 முதல் 14 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனோடு ஒன்றைக் கூட்டினால் 87,17,82,91,201 வருகிறது; அது 23ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இவ்வாறு 1 முதல் ஓர் எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டிய தொகையை வகுக்கும் பகா எண், அந்த எண்ணின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்குமா என்பது கேள்வி. 23இலிருந்து ஒன்றைக் கழித்த 22 பதினான்கின் மடங்கு அன்று என்பதால் 'இல்லை' என்பதே விடை. இப்படி 'இல்லை' என்று சொல்லவைக்கும் 23, 29, 59, 61 போன்றவை இன்று பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவை எண்ணிறந்தவை என்பது பின்னாளில் நிறுவப்பட்டது.

1933இல் அவர் ஆராய்ந்த மற்றொரு சார்பு, 1 முதல் ஓர் எண் வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டுவது. 6க்கு அவை 1, 2, 3, 2, 1, 6 என வந்து தொகை 15 ஆகிறது. 27க்கு 81 ஆகிறது. பொதுக் காரணி இல்லாத இரு எண்களின் பெருக்கத்துக்கு இந்தத் தொகைகளும் பெருகிக்கொள்வதால், பெரிய எண்ணின் கணக்கை அதன் காரணிகளின் சிறிய கணக்குகளாக உடைத்துவிடலாம்.

முழு அடுக்கு எண்களைப் பற்றி அவர் விட்டுச்சென்ற ஊகம் இன்னும் தீராமல் இருக்கிறது. எந்த ஒரு குறிப்பிட்ட எண்ணும் இரு முழு அடுக்கு எண்களின் வித்தியாசமாக எண்ணி முடிக்கக்கூடிய தடவைகளே வரும் என்பது அந்த ஊகம். வித்தியாசம் 1 என்றால் 8உம் 9உம் மட்டுமே அத்தகைய இணை என்று 1844இல் கத்தலான் கூறியதை 2002இல் மிகைலெஸ்கு நிறுவினார். மற்ற வித்தியாசங்களுக்குப் பிள்ளையின் பொதுக்கூற்று நிறுவப்படாமலே நிற்கிறது.

அவருக்கு உலகப்புகழ் தந்தது வாரிங் என்பாரின் கணக்கு. எல்லா எண்களையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவினார். கனங்களானால் ஒன்பது போதும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியானது. ஆறாம் அடுக்குகளானால் எத்தனை தேவை? 703 என்ற எண் மூன்றின் ஆறாம் அடுக்காகிய 729ஐவிடச் சிறியது என்பதால், இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64ஐயும் ஒன்றையும் கொண்டே அதை எழுத வேண்டும்; பத்து 64களும் அறுபத்துமூன்று ஒன்றுகளுமாக 73 உறுப்புகள் அதற்குத் தேவை. ஆகவே 73க்குக் குறையாது என்பது எளிது. 73 எல்லா எண்களுக்கும் போதும் என்பதுதான் கடினம். அதை 1940இல் பிள்ளை நிறுவினார். அதற்கு முன்பே, 1935ஐ ஒட்டி, பெரிய அடுக்குகளுக்கான பொதுவிடையை ஒரு நிபந்தனையோடு அவரும், அமெரிக்காவின் டிக்சனும் ஒருவரையொருவர் சாராமல் கண்டிருந்தனர். நான்காம் அடுக்குகளுக்கு 19 போதும் என்ற முடிவு 1986இல் வந்தபோது, அதை நிறுவிய மூவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த கணிதவியலாளர் இரா. பாலசுப்பிரமணியன் என்பது இந்த மரபின் தொடர்ச்சியைக் காட்டுகிறது.

ஆறாம் எண்

பிள்ளை வரிசையின் ஆறாம் உறுப்பைப் பெற வேண்டுமானால், 4,01,42,99,25,99,91,55,061ஐவிடப் பெரிய இடைவெளி ஒன்று பகா எண்களுக்கு இடையே முதன்முதலாக வரும் இடத்தைக் காண வேண்டும். சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஹரால்டு கிராமர் 1936இல் முன்வைத்த ஊகத்தை அளவுகோலாகக் கொண்டால், அந்த இடத்திலுள்ள பகா எண்ணுக்கு ஏறத்தாழ 27 கோடியே 50 லட்சம் இலக்கங்கள் இருக்கும். பக்கத்துக்கு 2,750 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் ஒரு லட்சம் பக்கங்கள் தேவைப்படும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கே இலக்கங்கள் 4,10,24,320தான். அத்தகைய எண்ணை எழுதிவைப்பது இயலக்கூடும். அதற்கு முன் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது இன்று அறியப்பட்ட எந்த முறைக்கும் எட்டாதது. ஆயினும் அந்த ஆறாம் எண் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 120ஐ வைத்து மேலே சொன்ன எளிய வாதமே அதற்கு உறுதி தருகிறது. கண்ணால் காண முடியாத ஒன்று உண்டு என்பதை ஐயமற நிறுவும் ஆற்றல் கணிதத்துக்கே உரியது.

1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் பிள்ளையை ஓராண்டுக் காலம் வந்து தங்கி ஆராயுமாறு அழைத்தது. ஹார்வர்டில் நடைபெறவிருந்த பன்னாட்டுக் கணிதப் பேரவையிலும் கலந்துகொள்ளும் பொருட்டு அவர் புறப்பட்டுச் சென்ற விமானம், ஆகஸ்டு 31 அன்று எகிப்தில் கெய்ரோவை அடுத்து விழுந்து நொறுங்கியதில், அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49. அவருடைய ஆய்வுகள் பாலசுப்பிரமணியன், இரா. தங்கதுரை ஆகியோரால் தொகுக்கப்பட்டு, ராமானுஜன் கணிதச் சங்கத்தின் வாயிலாக 2010இல் நூல் வடிவம் பெற்றன. மிகப் பெரிய பகா எண்ணைக் கழித்துக்கொண்டே செல்லும் அவருடைய விதியைப் பற்றி லூக்காவும் தங்கதுரையும் 2009இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, அந்தக் கேள்வி இன்னும் உயிரோடிருப்பதைக் காட்டுகிறது.

இராமானுஜனின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இல்லை. பிள்ளையின் பெயரை அறிந்தவர்கள் அவர் பிறந்த வட்டாரத்திலேயே மிகச் சிலர். இந்தக் குறையைப் போக்கச் சிலையோ மண்டபமோ தேவையில்லை. புளியறையிலும் செங்கோட்டையிலும் வல்லத்திலும் தென்காசியிலும் உள்ள பள்ளிகளில் கணித ஆசிரியர் ஒருவர் 4,01,42,99,25,99,91,55,061 என்று கரும்பலகையில் எழுதி, இது 27ஆல் வகுபடுமா என்று கேட்டால் போதும். மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டி, 2970 என்று கண்டு, விடையைச் சொல்லும் மாணவருக்கு அந்த எண் யார் பெயரால் வழங்குகிறது என்பதையும், அவரும் இதே மண்ணில் ஓர் ஆசிரியரின் ஆதரவால் படித்து உயர்ந்தவர் என்பதையும் அந்த ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.